பதில் 200, பெயர் இல்லை

விக்கிப்பீடியாவில் 'மன்னார்' என்று தேடி, அந்தப் பக்கத்தின் இணைப்பைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒருக்கா போட்டுப் பாருங்கள். நாலே நாலு எழுத்து ஊர். ஆனால் போய் விழுவது பெரும்பாலும் விழுக்காட்டுக் குறியும் ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக ஒரு முழ நீளச் சங்கிலி. எண்ணிப் பார்த்தோம், 63 எழுத்து. ம, ன, புள்ளி, ன, அரவு, ர, புள்ளி என்று கொம்பியூட்டருக்கு அது ஏழு குறி. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டையும் இணைய முகவரியில் எழுத மூன்று எழுத்து. ஏழு தரம் ஒன்பது, 63.

இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். நாங்கள் கலைப்பீடம். ஒருத்தருக்குத் தமிழ், ஒருத்தருக்குப் புவியியல், ஒருத்தருக்குச் சமூகவியல். கம்பஸில் கணினிப் பிள்ளைகளின் பக்கம் தேத்தண்ணி குடிக்க மட்டும் போகிற ஆட்கள். ஒரு ஆச்சியின்ர பெயரைத் தேடிப் போய்த்தான் இதுக்குள் விழுந்தோம்.

பெரியமடு மன்னார்த் தீவுக்குள் இல்லை, பெருநிலப்பரப்பில், மாந்தை மேற்கில் இருக்கிறது. மன்னாரிலிருந்து பூநகரி போகிற வீதியை விட்டு உள்ளே திரும்ப வேண்டும். எங்கட பக்கத்தில் எங்க பார்த்தாலும் மடுதான். பெரியமடு, பள்ளமடு, கொஞ்சம் தள்ளி மாதாவின் மடு. மடு என்றால் ஆழமான நீர்நிலை. பெயருக்கேற்ற மாதிரி மாரி வந்தால் தண்ணி எங்கட வீட்டு வாசலை விசாரிக்காமல் போகாது. அப்படியொரு மாரியில், பிரான்சிலயும் கனடாவிலயும் இருக்கிற ஊராக்கள் காசு சேர்த்து அனுப்ப, உலர் உணவுப் பொதி கட்டிக் குடுத்தோம். அரிசி, மா, பருப்பு, சீனி, தேயிலை, ஒரு ரின்மீன்.

பட்டியல் கடதாசியில் இருந்தால் நனையும். அதனால் லண்டனில் இருக்கிற எங்களில் ஒருவரின் அண்ணா ஒரு சின்ன ஏற்பாடு செய்து தந்தார். பட்டியல் ஒரு சேர்வரில் இருக்கும். போனில் பெயரை அடித்தால் சேர்வரிடம் கேட்டுப் பதில் வரும். "பிளாஸ்க்கில எழுதியிருக்கிறன்" என்று அவர் சொன்னபோது எங்களில் ஒருத்தர் உண்மையாகவே தேத்தண்ணிப் பிளாஸ்க்கைத்தான் நினைத்தார். அது பைதன் மொழியில் இணையச் செயலி எழுதுவதற்கான ஒரு சட்டகம். 2010 இல் ஒருவர் ஏப்ரல் முட்டாள் பகிடியாக வெளியிட்டதிலிருந்து வளர்ந்தது என்பதைப் பிறகு வாசித்துச் சிரித்தோம்.

பொதி குடுத்த நாள் மேசையில் போனோடு இருந்தது எங்களில் ஒருத்தர். யாரென்று எழுதப் போவதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க 'நாங்கள்' என்று போவதற்கும் அதுதான் காரணம். ஊரின் கடைசியில், காட்டோரம் தனிய இருக்கிற ஆச்சி ஒருவர் வந்தார். பெயர் 'பொ' வில் தொடங்கும். மிச்சம் வேண்டாம். பெயரை அடித்தோம். பதில் வந்தது. வெறும் பட்டியல். இரண்டு சதுர அடைப்பு, நடுவில் ஒன்றுமில்லை. இன்னொருக்கா அடித்தோம். அதே பதில்.

"ஆச்சி, உங்கட பேர் இதில இல்லை."

ஆச்சி சண்டை பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அவரை எங்களுக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவர் வளவில் பாலைப்பழம் பொறுக்கியிருக்கிறோம். இருந்தும் போன் இல்லையென்றவுடன் நாங்களும் இல்லையென்றோம்.

பின்னேரம் மிஞ்சிய பொதிகளை எண்ணும்போது ஒன்று கூடியிருந்தது. பட்டியலை மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டு போனால், நடுவில் ஆச்சியின் பெயர். எழுத்துக்கு எழுத்து அதே பெயர். தேடினால் இல்லை, பார்த்தால் இருக்கு. பொதியைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாகப் போனோம். ஆச்சி விளக்கோடு வெளியில் வந்து சொன்னார், "பேர் இல்லையெண்டா இல்லைதானே பிள்ளையள். நான் இதை எத்தின கியூவில கேட்டிருப்பன்."

அதுக்குப் பிறகு ஒரு கிழமை எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். சாப்பிட்டோம். ஆனால் அண்ணாவுக்கு ஒரு பெரிய குரல்பதிவு அனுப்பினோம், கொஞ்சம் கோபமாகவே. அவர் திருப்பி ஒரே கேள்விதான் கேட்டார். "டெஸ்ட் எழுதினியளோ?"

எழுதவில்லை. அப்படியொன்று இருப்பதே தெரியாது.

போனும் சேர்வரும் பேசிக்கொள்கிற முறையை முதலில் சொல்ல வேண்டும். சேர்வர் ஒரு யன்னலைத் திறந்து வைத்திருக்கும். இன்ன முகவரியில் இன்ன மாதிரிக் கேட்டால் இன்ன மாதிரிப் பதில் தருவேன் என்கிற உடன்பாடு அது. அதைத்தான் ஏபிஐ என்கிறார்கள். பதில் வருகிற வடிவம் பெரும்பாலும் ஜேசன். டக்ளஸ் குரொக்போர்ட் என்ற அமெரிக்கர் 2000களின் தொடக்கத்தில் பரப்பியது. பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு விபரத் துண்டு மாதிரித்தான்:

{"ஊர்": "பெரியமடு", "ஆட்கள்": 4, "பொதி_கிடைத்தது": false என்பதற்குப் பதிலாக நாங்கள் எழுதியது "இல்லை"}

கடைசித் துண்டு ஜேசன் இலக்கணப்படி பிழை. வேணுமென்றுதான் விட்டிருக்கிறோம், ஏனென்றால் எங்கட முதல் கோப்பில் உண்மையாகவே இப்படித்தான் விளக்கக் குறிப்பை நடுவில் எழுதி வைத்திருந்தோம். ஜேசனுக்குள் குறிப்பு எழுத முடியாது. ஆம், இல்லை என்பதற்கு அதற்கென்று இரண்டு சொல் உண்டு, அவை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். மற்றப்படி பெயர்களையெல்லாம் தமிழிலேயே வைக்கலாம், அது தாராளமாக விடும்.

பதிலோடு சேர்ந்து மூன்று இலக்க எண் ஒன்றும் வரும். 200 என்றால் எல்லாம் சரி. 404 என்றால் கேட்ட பொருள் அங்கில்லை. 500 என்றால் சேர்வருக்குள் ஏதோ உடைந்துவிட்டது. ஆச்சி திரும்பிப் போன அன்றைக்கு எங்கட சேர்வரின் பதிவேட்டைப் பார்த்தோம். அவர் பெயருக்கு நேரே இரண்டு தடவையும் 200. சேர்வரைப் பொறுத்தவரை எல்லாம் சரி. தேடச் சொன்னீர்கள், தேடினேன், கிடைத்தவை பூச்சியம், இந்தாருங்கள். ஒரு சிவப்பு விளக்கு எரிந்திருந்தால் நாங்களும் சந்தேகப்பட்டிருப்போம்.

டெஸ்ட் என்பது இந்தக் கேள்விகளை மனிதர் கேட்காமல் இன்னொரு நிரலை விட்டுக் கேட்பிப்பது. இன்ன பெயரைச் சேர், பிறகு அதே பெயரைத் தேடு, ஒன்று வர வேண்டும், அந்த ஒன்றில் ஊர் இன்னதாக இருக்க வேண்டும். வராவிட்டால் கத்து. அவ்வளவுதான். போஸ்ட்மன் என்றொரு கருவி இருக்கிறது, 2012 இல் பெங்களூரில் அபினவ் அஸ்தானா என்பவர் தன்னுடைய வேலைத் தொல்லைக்காக எழுதத் தொடங்கி இன்றைக்கு உலகமெல்லாம் பாவிக்கிறது. அதில் பெட்டி பெட்டியாக நிரப்பிக் கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் அதில் தொடங்கி, பிறகு பைதனில் பைடெஸ்ட்டுக்கு மாறினோம். காரணம் வேறொன்றுமில்லை, எங்கட லெப்டொப் போஸ்ட்மனைத் திறக்க ஒரு தேத்தண்ணி குடித்து முடியும். பைடெஸ்ட் கறுப்புத் திரையில் ஓடும். ஒரு சோதனை தேறினால் ஒரு புள்ளி வைக்கும். தவறினால் எஃப் போடும். தமிழ்ப் பாடக்காரருக்கு இது நல்லாப் பிடித்துப் போனது: மெய்யெழுத்துக்குத்தான் புள்ளி.

முதல் நாள் பதினொரு சோதனை எழுதினோம். பதினொரு புள்ளி. பெரிய சந்தோசம், அண்ணாவுக்குப் படம் பிடித்து அனுப்பினோம். ஆச்சியின்ர பெயரையும் ஒரு சோதனையில் போட்டிருந்தோம். சேர், தேடு, கிடைத்தது, புள்ளி.

அப்ப அன்றைக்கு ஏன் கிடைக்கவில்லை?

இரண்டு நாள் தலையைப் பிய்த்தோம். விடை எங்கட கையிலேயே இருந்தது. சோதனையில் பெயரைச் சேர்த்ததும் தேடியதும் ஒரே ஆள், ஒரே விசைப்பலகை. ஆனால் உண்மைப் பட்டியல் அப்படி வந்ததில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்காக ஊர் ஐயா ஒருவர் பல வருசமாக வேர்ட்டில் அடித்து வைத்திருந்த பட்டியல் அது. அவர் அடித்தது பாமினியில்.

பாமினி தெரியாதவர்களுக்கு: யூனிகோட் எங்கட கைக்கு வருவதற்கு முதல், ஈழத்தில் முக்கால்வாசித் தமிழ் அந்த எழுத்துருவில்தான் அடிக்கப்பட்டது. கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், பாடசாலை வினாத்தாள், அந்தியேட்டிக் கல்வெட்டு, எல்லாம். கொம்பியூட்டருக்கு அது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி. 'தமிழ்' என்று வர ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசை தட்ட வேண்டும். முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது அந்த ஐந்து குறிதான். பழைய தட்டச்சு இயந்திரம் மாதிரி, கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் அடிப்பது. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு.

அதை யூனிகோடுக்கு மாற்ற நாங்களே ஒரு மாற்றி எழுதினோம். பெரிய வேலையென்று நினைத்தோம். முதல் ஓட்டத்தில் எல்லாக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் புள்ளி வட்டத்தோடு தனித்து நின்றது, பேய் மாதிரி. யூனிகோடில் கொம்பு மெய்யெழுத்துக்குப் பிறகு வர வேண்டும். சரியென்று கொம்பைப் பின்னுக்கு நகர்த்தினோம். திரையில் எல்லாம் அழகாக வந்தது. கை தட்டினோம்.

அங்கேதான் பிழை. 'பொ' வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ப வுக்குப் பிறகு 'ஒ' வின் குறி என்று ஒன்றாக உள்ளதைப் போடலாம். அல்லது ப வுக்குப் பிறகு கொம்பு தனியாக, அரவு தனியாக என்று இரண்டாகப் போடலாம். முதலாவது இரண்டு குறி, அடுத்தது மூன்று குறி. திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. கண்ணாடி போட்டாலும் தெரியாது. கொம்பியூட்டர் குறிகளைத்தான் ஒப்பிடும், முகத்தை அல்ல. எங்கட மாற்றியிலிருந்து வந்த ஆச்சி மூன்று குறிக்காரர். மேசையில் போனில் அடிக்கப்பட்ட ஆச்சி இரண்டு குறிக்காரர். இரண்டு பேரும் சேர்வருக்குள் சந்திக்கவே இல்லை.

பட்டியலில் பெயரிலேயோ ஊரிலேயோ ஒ, ஓ வரிசை வருகிற எல்லாருக்கும் இதே கதி. கொண்டச்சியிலிருந்து கட்டி வந்தவர், தோட்டவெளியில் தாய்வீடு உள்ளவர் என்று அந்த இடப்பெயரால் தேடினாலும் இல்லை. மற்றவர்களை நாங்கள் அன்றைக்கு வேறு விதமாகக் கண்டுபிடித்திருந்தோம், பக்கத்தில் நின்ற யாரோ "அது இன்னாற்ற மகள், கீழ பார்" என்று சொல்ல உருட்டிப் பார்த்தோம். ஆச்சிக்குப் பக்கத்தில் ஆள் நிற்கவில்லை.

இதுக்கு மருந்து ஒரு வரிதான். யூனிகோட் அமைப்பே இந்த இரண்டு வடிவமும் ஒன்றுதான் என்று விதி எழுதி வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒற்றைக் குறி வடிவத்துக்குக் கொண்டு வருகிற முறைக்கு என்எஃப்சி என்று பெயர். பைதனில் அதற்கு ஆயத்தமாக ஒரு செயற்பாடு இருக்கிறது. விக்கிப்பீடியா ஓடுகிற மீடியாவிக்கி மென்பொருளும் உள்ளே வருகிற எழுத்தையெல்லாம் வாசலிலேயே இப்படி மாற்றித்தான் எடுக்கிறது. நீங்கள் 'மாதோட்டம்' என்று எந்த மாதிரி அடித்தாலும் ஒரே பக்கத்துக்குப் போவது அதனால்தான். நாங்களும் வாசலில் ஒரு வடி வைத்தோம்.

அதை விட முக்கியமாகச் சோதனையை மாற்றினோம். இப்போது அது மூன்று குறியில் சேர்க்கும், இரண்டு குறியில் தேடும். பிறகு மறுவளமாக. வடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தோம், எஃப். மாட்டிவிட்டு ஓட்டினோம், புள்ளி. தவறவே தெரியாத சோதனையை வைத்துக்கொண்டு முதல் நாள் கை தட்டியதை நினைக்க இப்பவும் வெட்கம்.

வடி எல்லாவற்றையும் பிடிக்காது என்பதும் கொஞ்ச நாளில் விளங்கியது. பூநகரிப் பக்கம் கௌதாரிமுனை என்று ஒரு கடற்கரை ஊர். அதைப் பாதிப்பேர் கொம்புக்குப் பிறகு 'ள' எழுத்தைப் போட்டு அடிப்பார்கள். கெ, ள, தாரிமுனை. பார்க்க ஒன்று. ஆனால் யூனிகோடுக்கு அது வேறு சொல், ஏனென்றால் 'ள' என்பது உண்மையான எழுத்து. 'ஸ்ரீ'யிலும் இதே தொல்லை: முதல் எழுத்தை ஸ என்று வைத்தும் எழுதலாம், ஶ என்று வைத்தும் எழுதலாம், இரண்டும் பல எழுத்துருக்களில் ஒரே உருவமாகத் தெரியும். இணையத்திலிருந்து கொப்பி பண்ணின பெயர்களுக்குள் கண்ணுக்கே தெரியாத இணைப்புத் தடுப்புக் குறிகள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சோதனை எழுத வேண்டி வந்தது. தமிழ்ப் பாடக்காரர் சொன்னார், நாங்கள் மூன்று வருசமாகப் படிக்கிற எழுத்தியலை விட இது பெரிய எழுத்தியல் என்று.

இடையில் ஒரு பகிடி. சோதனைகளை வேறொரு வெற்றுப் பட்டியலில் ஓட்ட வேண்டும் என்று அண்ணா திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஒரு இரவு முகவரியை மாற்ற மறந்து உண்மைப் பட்டியலிலேயே ஓட்டிவிட்டோம். அடுத்த நாள் காலை ஊர் ஐயா போன் எடுக்கிறார். "தம்பியவை, 'சோதனை ஆச்சி' எண்டு ஒராள் இருக்கு. வீட்டில 99 பேராம். ஆரது? எந்தப் பக்கத்து ஆக்கள்?" அழித்து முடிக்கும்வரை அவருக்கு நாங்கள் சரியான விளக்கம் குடுக்கவில்லை.

சின்னச் சின்னதாக வேறும் வந்தன. தொலைபேசி இலக்கத்தை எண்ணாக வைத்திருந்தோம். 077 இல் தொடங்குகிற இலக்கம் 77 ஆகிவிட்டது. ஜேசனில் எண்ணுக்கு முன்னால் பூச்சியம் வரவே கூடாது, அது விதி. கூட்டவோ கழிக்கவோ போகாத இலக்கம் எண் இல்லை, எழுத்துச் சரம். இதுக்கு ஒரு சோதனை. குளக்கட்டடியில் சிக்னல் விட்டு விட்டு வரும், போகாது என்று நினைத்துப் பொத்தானை இரண்டு தரம் அமத்த, ஒரு வீடு இரண்டு வீடாகும். இரண்டு பொதி வாங்கியதாக ஒரு குடும்பத்தைப் பற்றி ஊரில் கதை கிளம்ப, அவர்கள் வாங்கவே இல்லை, எங்கட பட்டியல்தான் இரட்டைப் பிள்ளை பெற்றது. இப்போது படிவத்தைத் திறக்கும்போதே போன் அதற்கொரு தனி அடையாளம் வைக்கும், அதே அடையாளத்தோடு இரண்டாம் தரம் வந்தால் சேர்வர் சேர்க்காது. ஒரே விண்ணப்பத்தை ஐந்து தரம் அனுப்பி, வீடு ஒன்றுதானா என்று பார்க்கிற சோதனைதான் எங்களுக்குப் பிடித்த சோதனை. அதை எழுதிய பிறகு அந்தக் குடும்பத்திடம் போய் மன்னிப்புக் கேட்டோம். தேத்தண்ணி தந்தார்கள்.

இனி நாங்கள் அதிகம் சண்டை பிடித்த இடத்துக்கு வருகிறோம்.

எங்களில் ஒருவரின் வாப்பா, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுப்பேரும் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது பத்து வயதுப் பொடியன். புத்தளத்தில் வளர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பியவர். அவருடைய பெயர் பிறப்புப் பத்திரத்தில் 'முஹம்மது' என்று தொடங்கும். பழைய பாடசாலைப் பதிவில் 'முகம்மது'. பிறகு எடுத்த ஒரு கடுதாசியில் 'மொஹமட்'. ஒவ்வொரு மேசையில் ஒவ்வொருவர் காதில் விழுந்தபடி எழுதியது. தேடலில் எல்லாம் கிடைக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எங்களில் ஒருத்தர், வாசலில் வைத்த வடியிலேயே ஹ வை க ஆக்கிவிடலாம், லேசு என்றார். வாப்பாவின் பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. "கொம்பும் அரவும் கொம்பியூட்டர்ற பிரச்சினை. இது வாப்பான்ர பேர். அவரைக் கேக்காம நீங்க மாத்தேலாது."

அது சரி. பெயரைத் தொடாமல் அப்படியே வைத்தோம். பக்கத்தில் 'வேறு எழுத்துகள்' என்று ஒரு பட்டியல் சேர்த்தோம். தேடுவது எல்லாவற்றிலும், காட்டுவது அவரவர் சொன்ன பெயரை மட்டும். அதற்கும் சோதனை இருக்கிறது: 'மொஹமட்' என்று தேடினால் கிடைக்க வேண்டும், கிடைத்த பதிலில் பெயர் 'முஹம்மது' என்றே இருக்க வேண்டும்.

பெயர் விசயத்தில் இவ்வளவு கவனம் எடுத்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவில்லை. எங்கட சேர்வர், பெயரைத் தேடினால் அந்த வீட்டைப் பற்றித் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டியது. போனில் பெயரும் ஆட்தொகையும் மட்டும்தான் தெரியும், ஆனால் ஜேசனைத் திறந்தால் தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், 'பெண் தலைமைக் குடும்பம்', 'தனிய இருக்கிறார்' எல்லாம். முகவரி தெரிந்த எவரும் கேட்கலாம். பழைய அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்தாலே பிறந்த வருசமும் நாளும் சொல்லலாம், பெண்ணென்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும். 2016 இலிருந்து வருகிற 12 இலக்க அட்டையிலும் அதே கணக்குத்தான். காட்டோரம் தனிய இருக்கிற ஆச்சியின் வயதையும் அவர் தனிய இருக்கிறார் என்பதையும் நாங்கள் உலகத்துக்கு ஜேசனாக வழங்கிக்கொண்டிருந்தோம்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று இலங்கையில் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகுதான் வாசித்தோம். எங்களைப் பயப்படுத்தியது சட்டமில்லை. எங்கட ஊரில் பட்டியல் என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. பதிவுக்குப் பட்டியல், முகாமில் பட்டியல், நிவாரணத்துக்குப் பட்டியல். பெயர் இருந்ததால் நடந்தவையும் இருக்கு, பெயர் இல்லாததால் நடந்தவையும் இருக்கு. எங்கட அம்மாக்கள் பெயர் குடுக்க முதல் "எதுக்கு?" என்று கேட்பது பழக்க தோசமில்லை.

அடையாள அட்டை இலக்கங்களை முழுதாக அழித்தோம். அவை தேவைப்படவே இல்லை, படிவம் என்றால் அது இருக்கும் என்பதற்காக வாங்கி வைத்திருந்தோம். மிச்சத்துக்குக் கடவுச்சொல் வைத்தோம். பிறகு எழுதிய சோதனைகள் முன்பு எழுதியவற்றுக்கு நேரெதிர். இவை ஒன்று வருகிறதா என்று பார்ப்பதில்லை, வரக்கூடாதது வராமல் இருக்கிறதா என்று பார்ப்பவை. கடவுச்சொல் இல்லாமல் கேட்டால் 401 வர வேண்டும். கடவுச்சொல்லோடு கேட்டாலும் பதிலில் மூன்றே மூன்று விபரம்தான் இருக்க வேண்டும், நாலாவது ஒன்று தலை காட்டினால் எஃப். நாளைக்கு எங்களில் ஒருத்தர் அவசரத்தில் ஒரு வரியை மாற்றி எல்லாவற்றையும் திரும்பக் கொட்டத் தொடங்கினால், ஊர் அறிய முதல் நாங்கள் அறிய வேண்டும். நிரலில் யார் எதை மாற்றினாலும் எல்லாச் சோதனையும் தானாக ஓடும்படி அண்ணா ஒழுங்கு செய்து தந்தார். எஃப் ஒன்று இருந்தால் மாற்றம் சேர்வருக்குப் போகாது.

அடுத்த மாரிக்கு முதல் ஒரு சனிக்கிழமை ஆச்சியிடம் போனோம். பெயரை எப்படி எழுதுவீர்கள், வேறு எப்படியும் எழுதியிருக்கிறார்களா என்று கேட்க. இது எல்லா வீட்டுக்கும் கேட்கிற கேள்வி, முதல் வீடாக அவருடையதை வைத்துக்கொண்டோம். ஆச்சி ஒரு ரின் பெட்டியைத் திறந்து கடுதாசிகளை எடுத்துத் தந்தார். ஒன்றில் தகப்பனின் முதலெழுத்து, மற்றதில் புருசனின் முதலெழுத்து. ஒன்றில் முதலெழுத்தே இல்லை. "எது வேணும் ஆச்சி?" என்று கேட்டதுக்கு, எந்தப் பட்டியலுக்கு எது போட்டால் கிடைக்குமோ அதைப் போடச் சொன்னார்.

இதுதான் எங்களிடம் இப்போதும் சிவப்பாக இருக்கிற சோதனை. பெண்கள் இரண்டு முதலெழுத்தோடு இரண்டு இடத்தில் இருப்பார்கள். ஒரே பெயரில், வேறு முதலெழுத்தோடு, உண்மையாகவே இரண்டு வேறு பெண்களும் ஊரில் இருக்கிறார்கள். எது ஒரு ஆள், எது இரண்டு ஆள் என்று பெயரை மட்டும் பார்த்து நிரலால் சொல்ல முடியாது. சமூகவியல்காரர் அந்தச் சோதனையை நீக்கிவிடச் சொல்கிறார், தேற வழியில்லாத சோதனை எதற்கு என்று. மற்ற இரண்டு பேருக்கும் மனமில்லை. போன கிழமை குளக்கட்டில் ஏறி நின்று, சிக்னல் வந்த இடத்தில் லெப்டொப்பை மடியில் வைத்து ஓட்டினோம். 46 புள்ளி, ஒரு எஃப். அந்த எஃப்புக்கு நேரே, இரண்டு முதலெழுத்து வருகிற பதினெட்டு பெயரையும் கடுதாசியில் எழுதிக்கொண்டு, சைக்கிளை எடுத்தோம். இருட்ட முதல் ஏழு வீடு முடிந்தது.